ஸ்டெப்னியிலும் காற்று இல்லை

டயர் பஞ்சர் ஆவதில்கூட அவ்வளவு கோபம் வருவதில்லை. டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கிப் போட்டதும் அது சப்பென்று அமுங்குகிறதே, அங்கேதான் எரிச்சல். சும்மா கிடக்கும் டயரிலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இறங்கும். ஒரு வருஷம் தொடாமல் விட்டால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். மற்ற நாலுக்கும் காற்று அடிக்கும்போது இதையும் பார்த்தால் என்ன? ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும். அதைப் போட்டு ஓட்டும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்த கொடுமை வீல் நட். சின்னக் கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கடைகளில் ஏர் கன்னை வைத்து டர்ரென்று முறுக்கிவிடுகிறார்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரில் ஏறி நின்றாலும் அசையாது. நட்டின் மூலை மழுங்கி ஸ்பேனர் வழுக்கும். கையால் இறுக்கி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள், கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

அதோடு, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட் பிரேக் போட்டு, நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி நழுவி விழக்கூடும்.