சாட்பாட் பதில் சொல்லும், கேள்வியை யார் திருத்துவது?

எம்.இ., பிஎச்.டி. மாணவர்கள் சாட்பாட்டைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற விவாதத்துக்குக் காலம் கடந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற சாட்பாட் வந்த பிறகு மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள், அவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களான கைடுகளும் பயன்படுத்துகிறார்கள். என் கவலை வேறு. இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. அப்படிக் குறைவது இரண்டு பக்கத்துக்கும் வசதியாகவும் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வு மாணவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் நிறைய உண்டு. மேட்ரிக்ஸ் கணக்கில் வரும் ஐகன் வேல்யூ வெறும் கணக்கா, அதிர்வில் அதற்கு என்ன அர்த்தம்? இளநிலையிலேயே புரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் பலருக்கும் புரியாமலே தேர்வு முடிந்துவிடுகிறது. கைடிடம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பாரோ என்று பயம். சாட்பாட் முகம் சுளிக்காது, நாலு முறை கேட்டாலும் நாலு விதமாக விளக்கும். பைத்தான் கோடில் வரும் பிழை, ஆங்கிலத்தில் எழுதிய வரைவைச் சீர்செய்வது, இதற்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல், தன் இணையவழி முதுநிலைப் பாடத்துக்கு ஜில் வாட்சன் என்ற மென்பொருளை உதவி ஆசிரியராக வைத்தார். பருவம் முடியும்வரை அது மனிதர் இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லாரும் ஆச்சரியப்பட்டது அதற்குத்தான். எனக்குப் பிடித்தது வேறு: பாடம் சார்ந்து திரும்பத் திரும்ப வரும் வழக்கமான கேள்விகளுக்குத்தான் அது பதில் சொன்னது, அதுவும் 97 விழுக்காடு உறுதி இருந்தால் மட்டும். மற்றதெல்லாம் மனிதர்களுக்கு. இன்றைய சாட்பாட்டில் அந்த வரம்பு கிடையாது. எதைக் கேட்டாலும் பெரும்பாலும் அதே நம்பிக்கையான குரல். சில நேரம் இல்லாத ஆய்வுக் கட்டுரையைக்கூடத் தலைப்பு, ஆண்டு, பக்க எண்ணோடு தரும்.

ஆனால் இல்லாத கட்டுரையைத் தேடிப் பார்த்தே பிடித்துவிடலாம். பெரிய சிக்கல், சரியான பதில் தவறான கேள்விக்குக் கிடைப்பது. ஒரு மாணவர் எல் வடிவ பிராக்கெட்டை (தாங்கியை) ஃபைனைட் எலிமெண்ட் முறையில், அதாவது கணினியில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட்டு, ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டுகளின் வலையான மெஷ்ஷைப் பொடிசாக்கப் பொடிசாக்க, அதிகபட்ச ஸ்ட்ரெஸ் (பொருளுக்குள் ஒரு பரப்பளவில் எழும் விசை) ஏறிக்கொண்டே போகிறது, ஓரிடத்தில் நிற்கவில்லை. "ஸ்ட்ரெஸ் கன்வெர்ஜ் ஆகவில்லை, என்ன செய்வது?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் மெஷ்ஷை இன்னும் பொடிசாக்கு, எலிமெண்டின் தரத்தைப் பார் என்று பதில் வருகிறது. பாடப்புத்தகப்படி சரியான பதில்தான். மாணவர் பல நாள் அதையே செய்துகொண்டிருப்பார்.

அனுபவமுள்ள கைடு அந்தப் படத்தைப் பார்த்ததுமே உள்மூலையில் விரலை வைப்பார். "இங்கே வளைவின் ஆரம் எங்கே?" ஆரமே இல்லாத கூர்மையான உள்மூலையில், மீள்தன்மைக் கோட்பாட்டின்படி ஸ்ட்ரெஸ் முடிவிலி. மெஷ்ஷை எவ்வளவு பொடிசாக்கினாலும் எண் ஏறத்தான் செய்யும். நிஜப் பொருளில் இருக்கும் வளைவை மாடலிலும் கொடுத்தால் தீர்ந்தது. "கூர்மையான மூலை" என்று எழுதியிருந்தால் சாட்பாட்டும் இதைச் சொல்லியிருக்கும். எழுத வேண்டும் என்று மாணவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாத நிலையில் இருப்பவருக்குத்தான் வழிகாட்டி தேவை. முதுநிலையில் கற்க வேண்டியதே கேள்வியைச் சரியாகப் போடுவதைத்தான்.

அதனால், "முதலில் சாட்பாட்டிடம் கேட்டுவிட்டு வா" என்று மாணவரைத் திருப்பி அனுப்பும் கைடுகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. கைடுக்கு வேலைப்பளு இருக்கிறது, உண்மை. ஆனால் "இந்தத் தலைப்பை விட்டுவிடு, இது தேறாது" என்று சாட்பாட் தானாகச் சொல்லாது. கேட்டவர் போன வழியிலேயே பெரும்பாலும் கூடப் போகும். மூன்று மாதமாக ஒரு மாணவர் முகம் வாடியிருப்பதும் அதற்குத் தெரியாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வாராந்திரச் சந்திப்பைக் கைவிடாதீர்கள். வரும்போது அந்த வாரம் சாட்பாட்டோடு பேசியதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், திட்டுவதற்காக அல்ல. பதிலைப் படிப்பதற்கு முன் கேள்வியைப் படியுங்கள். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பது அதிலேயே தெரியும். அப்புறம், எந்தப் பதிலை ஏற்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். வெளியிடாத சோதனைத் தரவுகளை சாட்பாட்டில் ஒட்டக்கூடாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், பல மாணவர்களிடம் இதை யாரும் சொல்வதே இல்லை.