லைவ் எய்ட் நிதியில் ஆயுதம் வாங்கப்பட்டதா?

எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடகர் பாப் கெல்டாஃப் 1985இல் நடத்திய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி மூலம் திரட்டிய பணத்தில் 95 சதவீதம் கிளர்ச்சியாளர்களின் துப்பாக்கிகளுக்குப் போனதாகவும், அதைச் சொன்னது பி.பி.சி.யே என்றும், தானிய மூட்டைப் படத்தோடு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. 2010 மார்ச்சில் பி.பி.சி. உலக சேவை ஒலிபரப்பிய நிகழ்ச்சியும் அதையொட்டிய செய்திகளும் அப்படியோர் எண்ணத்தைத் தந்தது உண்மைதான். ஆனால் அந்த 95 சதவீதம், 1985இல் எத்தியோப்பியாவின் வடக்கிலுள்ள டிக்ரே பகுதிக் கிளர்ச்சியாளர்களின் கைக்கு வந்த உதவியைப் பற்றி அவர்களின் முன்னாள் தளபதி ஒருவர் சொன்ன கணக்கு. லைவ் எய்ட் நிதியை நிர்வகித்த பேண்ட் எய்ட் அறக்கட்டளையின் பணம் அவ்வாறு திருப்பப்பட்டதற்கு ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்ட பி.பி.சி., அதே ஆண்டு நவம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்புச் செய்தியை அதன் இணையதளத்திலேயே படிக்கலாம். ஆப்பிரிக்காவை வெறும் பரிதாபத்துக்குரிய இடமாகக் காட்டினார்கள் என்று இந்த நிதிக்காகப் பாடிய பாடகர்கள்மீது வைக்கப்படும் விமர்சனம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன், ஆனால் அதைச் சொல்ல இந்தப் பொய் தேவையில்லை. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.