குரங்குக் குல்லா போட்டு ஓடலாமா?

(நவம்பர் மாதம், சனிக்கிழமை இரவு. குன்னூரில் ஒரு வாடகை வீடு. காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, மூன்று நாள் துணி காயாமல் தொங்குகிறது. கலா தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கும் சண்முகம் உள்ளறையிலிருந்து வருகிறார். ஸ்வெட்டர், அதன்மேல் ஜெர்கின், கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. கண் இரண்டும் மட்டும் வெளியே தெரிகின்றன.)

கலா: இந்தக் கோலத்தில் ஏடிஎம் பக்கம் போய்விடாதீர்கள். கேமராவில் பார்த்துவிட்டு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

சண்முகம்: ஏடிஎம்முக்கு இல்லை. நாளைக் காலையில் ஓடப்போகிறேன். இங்கிருந்து ஊட்டி வரைக்கும்.

கலா: ஏன், பஸ் ஸ்டிரைக்கா?

சண்முகம்: பயிற்சி கலா, பயிற்சி. ஜனவரியில் மும்பையில் அரை மாரத்தான். 21 கிலோமீட்டர். பேர் கொடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. அதற்கு முன்னால் நீளமாக ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 18 கிலோமீட்டர். கணக்குச் சரியாக வருகிறது.

கலா: ஜனவரியில் மும்பையில் மழையே பெய்யாது. குளிரும் நம் ஊர்க் குளிர் இல்லை. தட்டையான ஊர் வேறு. அதற்கு எதற்குக் குன்னூர் மழையில், 400 மீட்டர் மேட்டில் ஏறிப் பயிற்சி?

சண்முகம்: மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் பொங்கல் வந்துவிடும். நீ பாஸ்டன் கதை கேட்டதில்லையே? 2018 ஏப்ரல், அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான். கொட்டுகிற மழை, முகத்தில் அறைகிற எதிர்காற்று, குளிர் மூன்று நான்கு டிகிரி. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பாதியில் விலகிவிட்டார்கள். யார் ஜெயித்தார் தெரியுமா? யூகி கவாவுச்சி. ஜப்பான்காரர். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா?

கலா: சொல்லுங்கள்.

சண்முகம்: அரசுப் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்!

(சண்முகம் நிமிர்ந்து நிற்கிறார். குல்லாவுக்குள் அவர் சிரிக்கிறார் என்று கண்ணை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.)

கலா: அதற்காக எல்லாக் கிளார்க்கும் ஓடலாம் என்று ஜிஓ போட்டுவிட்டார்களா?

சண்முகம்: அதே வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி, பாஸ்டன் இருக்கிற அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டு என்று ஓர் ஊர். மைனஸ் 17 டிகிரி. அங்கேயும் ஒரு மாரத்தான். கவாவுச்சி முதலிடம். 2 மணி 18 நிமிஷம் 59 விநாடி.

கலா: இரண்டாவது யார்?

சண்முகம்: அது வந்து... ஓடி முடித்தவர் அவர் ஒருவர்தான்.

கலா: அப்படிச் சொல்லுங்கள். அந்த மாதிரி நீங்களும் ஜெயிக்கலாம். நாளைக்கு இந்த மழையில் ஊட்டி ரோட்டில் வேறு யார் ஓடப்போகிறார்கள்?

சண்முகம்: அந்தப் பாஸ்டன் ஓட்டத்தில் பொம்பளைகளில் ஜெயித்தது டெஸ் லிண்டன். 33 வருஷம் கழித்து அங்கே ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண். அன்றைக்கு அவருக்கே உடம்பு சரிப்பட்டு வரவில்லை, விலகிவிடலாமா என்றுதான் இருந்திருக்கிறார். கூட ஓடிய ஷலேன் ஃப்ளானகன் பாத்ரூம் போக ஒதுங்கினார். இவர் வேகத்தைக் குறைத்து, அவர் வரும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் இவர்தான் முதலிடம்.

கலா: நல்ல மனுஷி. குளிரில் ஒன்றுக்கு அடிக்கடி வரும். வழியில் எல்லநள்ளியில் டீக்கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சரி, இந்த மூட்டையைக் கழற்றுங்கள் முதலில்.

சண்முகம்: ஏன்? காலையில் 12 டிகிரி காட்டுகிறது.

கலா: ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உடம்பு கொதிக்கும். வாசலில் நிற்கும்போது லேசாக நடுங்கினால்தான் துணி சரியான அளவு என்று அர்த்தம். இந்த ஸ்வெட்டர் மழையைக் குடித்தால் எத்தனை கிலோ ஆகும் தெரியுமா? பேசாமல் ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம்.

சண்முகம்: ஸ்வெட்டர் வேண்டாம் என்றால் பனியன், அதன்மேல் காட்டன் டீ-ஷர்ட்.

கலா: காட்டனா? இருபது வருஷமாகத் துணி தைக்கிறவளிடம் வந்து மழைக்குக் காட்டன் என்கிறீர்களே. காட்டன் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடவே விடாது. (கயிற்றைக் காட்டுகிறாள்.) அதோ உங்கள் காட்டன் வேட்டி. புதன்கிழமை துவைத்தது. ஈரத் துணி உடம்போடு ஒட்டினால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் வேண்டும். தண்ணீர் வழிந்து ஓடிவிடும்.

சண்முகம்: கடையில் ஓட்டத்துக்கு என்றே ஒரு டீ-ஷர்ட் பார்த்தேன். 1,800 ரூபாய்.

கலா: வீட்டிலேயே இருக்கிறதே. தேர்தல் சமயத்தில் உங்கள் சித்தப்பா பையன் கொண்டுவந்து கொடுத்தான் பாருங்கள், ஒரு பனியன். சுத்தமான பாலியஸ்டர். அதைப் போட்டுத்தான் நான் தரை துடைக்கிறேன்... இல்லை, அதை வைத்துத் தரை துடைக்கிறேன். ஒரு சொட்டு நிற்காது.

சண்முகம்: நெஞ்சு முழுக்கத் தலைவர் படம் இருக்கிறதே! நான் அரசு ஊழியர் கலா. அதைப் போட்டுக்கொண்டு குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் ஓடினால், பயிற்சி என்று யார் நம்புவார்கள்? பாதயாத்திரை என்று நினைத்துப் பின்னால் பத்துப் பேர் வருவார்கள். திங்கட்கிழமை மெமோ வரும்.

கலா: உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள்.

சண்முகம்: (யோசித்து) அது நடக்கும். அப்புறம் மழைக் கோட்டு? என்னிடம் அந்த ரப்பர் கோட்டு இருக்கிறது.

கலா: ஸ்கூட்டருக்கு அது சரி. ஓடினால் வேர்வை வெளியே போகாமல் உள்ளே மழை பெய்யும். வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை.

சண்முகம்: வெளிநாட்டில் எல்லாம் பெரிய குப்பைக் கவரில் தலைக்கு ஓர் ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்களாம். உடம்பு சூடானதும் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

கலா: நீலகிரியில் பிளாஸ்டிக் கவரை ரோட்டில் கழற்றிப் போடுவீர்களா? அபராதச் சீட்டோடுதான் ஊட்டி போய்ச் சேருவீர்கள். இங்கே கடையில் தண்ணீர் பாட்டிலே விற்க விடமாட்டேன் என்கிறார்கள். பொறுங்கள்.

(உள்ளே போய், கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து வருகிறாள். மடிப்பெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து பழசாக இருக்கிறது.)

சண்முகம்: இது என்ன?

கலா: எங்கள் அம்மாவுடையது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டியது. காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் மழையில் நிற்பாள். அவளுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை, கிலோவுக்குக் காசு கொடுத்தார்கள். இதில் கை இல்லாமல் ஒரு மேல்சட்டை தைத்துத் தருகிறேன், பக்கவாட்டில் காற்று போக வழி விட்டு. சூடானால் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். தூக்கிப் போட்டுவிட்டு வந்தால் தாளோடு நீங்களும் வீட்டுக்கு வெளியேதான்.

சண்முகம்: குல்லா?

கலா: பையனின் கிரிக்கெட் தொப்பி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மழை கண்ணில் அடிக்காது. கைக்கு மட்டும் உறை போடுங்கள். விரல் மரத்துவிட்டால் பாக்கெட்டிலிருந்து கடலை மிட்டாயைக்கூட எடுக்க வராது.

சண்முகம்: கடலை மிட்டாயா? நான் மொறுமொறுவென்று வர்க்கி பிஸ்கட் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பெருமை.

கலா: அருவங்காடு தாண்டுவதற்குள் அது கஞ்சியாகிவிடும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர். மேலே மழை பெய்கிறதே என்று குடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சண்முகம்: அடுத்தது ஷூ. தண்ணீரே புகாத ஷூ ஒன்று வந்திருக்கிறது. 12,000 ரூபாய்தான்.

கலா: "தான்" என்ற சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லுங்கள்.

சண்முகம்: 12,000 ரூபாய்.

கலா: தண்ணீர் புகாது சரி. கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்குமே, அது எந்தப் பக்கம் வெளியே போகும்? இரண்டு காலிலும் இரண்டு வாளி. இருக்கிற வலை ஷூவே போதும், உள்ளே வந்த வழியாகவே வெளியே போய்விடும். வந்ததும் உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து வைக்க வேண்டும். பேப்பர் நனைந்ததும் வேறு மாற்ற வேண்டும். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது, பசை விட்டுப்போகும்.

சண்முகம்: ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரையா? நான் இன்னும் படித்திருக்க மாட்டேனே.

கலா: ஷூவும் படிக்கட்டும். அப்புறம் தொடை இடுக்கு, அக்குள், நெஞ்சு. ஈரத் துணி உரசி உரசித் தோல் உரிந்துவிடும். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றும்போதுதான் தெரியும், போடுகிற சத்தத்தில் தெருவே கூடிவிடும்.

சண்முகம்: அதற்கு வாசலின் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கலா: நவம்பரில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பூனை விட்டுத்தான் தோண்ட வேண்டும். அதுவே போதும்.

சண்முகம்: உடம்புச் சூட்டில் உருகிவிடாதா?

கலா: (கொஞ்சம் யோசித்து) உருகும். சரி, வாசலின் வாங்கிக்கொள்ளுங்கள்.

சண்முகம்: (ஜெயித்த குரலில்) ஒன்று!

கலா: ஒன்றுதான். செல்போனை எதில் வைப்பீர்கள்?

சண்முகம்: கோயம்புத்தூரில் பட்டுப்புடவை வாங்கினோமே, அந்த ஜிப் கவர்.

கலா: அதில் புடவை இருக்கிறது.

சண்முகம்: புடவையை எடுத்துவிட்டு...

கலா: செல்போனை வாளியில் போட்டு மூடி எடுத்துப் போங்கள். புடவை கவர் கிடைக்காது. மாத்திரை வாங்கிய குட்டி ஜிப் கவர் இருக்கிறது, அதில் போன் பாதிதான் போகும். மீதிப் பாதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

(மெஷின் ஓடுகிறது. பிளாஸ்டிக் தாள் மொறமொறக்கிறது. ஜாக்கெட் கொடுத்த அம்மா நாளைக்கு வந்து கேட்டால் சொல்வதற்குக் கலாவிடம் ஒரு பதில் இருக்கும். எப்போதும் இருக்கிறது.)

கலா: விடியற்காலையில் மூடுபனி. வண்டிக்காரர்களுக்கு நீங்கள் தெரிய வேண்டும். முதுகில் மின்னுகிற பட்டை ஒன்று வைத்துத் தைக்கிறேன். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கமாகவே ஓடுங்கள். வெலிங்டன் பக்கம் காட்டெருமை நிற்கும்.

சண்முகம்: நின்றால்?

கலா: நீங்களும் நில்லுங்கள்.

சண்முகம்: ஓட்டப் பயிற்சியில் நிற்பதா? கடிகாரம் ஓடிக்கொண்டிருக்குமே.

கலா: ஆயிரம் கிலோ உங்கள் பின்னால் வந்தால் நேரம் நன்றாகவே வரும். கவாவுச்சியை முந்திவிடலாம். போய்ச் சேருகிற இடம்தான் ஊட்டியாக இருக்காது.

சண்முகம்: சரி, நிற்கிறேன்.

கலா: இன்னொன்று, இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் வானிலை எச்சரிக்கை பார்க்க வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மலையே சரிந்து வந்தது, எத்தனை பேர் போனார்கள். அதே ரோட்டில்தான் நீங்கள் ஓடப்போகிறீர்கள். ரெட், ஆரஞ்சு எது போட்டிருந்தாலும் போர்வையைப் போர்த்திப் படுத்துவிடுங்கள். மும்பைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சண்முகம்: ம்.

கலா: "ம்" வேண்டாம், "சரி" வேண்டும்.

சண்முகம்: சரி. ஓடுகிறபோது குளிர் தெரியாது இல்லையா? நின்றபிறகுதானே?

கலா: அதுதான் ஆபத்தே. ஓடும்வரை உடம்பு அடுப்பு மாதிரி எரியும். மேட்டில் முடியாமல் நடக்க ஆரம்பித்தீர்கள் என்றால் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும். விரல் சொன்னபடி கேட்காது, வாய் குழறும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வீர்கள்.

சண்முகம்: நான் சாதாரண நாளிலேயே...

கலா: அதனால்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். நானே வருகிறேன். துண்டு, காய்ந்த துணி, உள்ளாடை, ஸ்வெட்டர், பிளாஸ்க்கில் சுக்குக் காபி. சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது. ஊட்டி சேரிங் கிராஸில் நிற்பேன். வந்ததும் கதை சொல்லாமல், படம் எடுக்காமல், முதல் வேலையாக ஈரத்தைக் கழற்ற வேண்டும். குரங்குக் குல்லாவும் கொண்டுவருகிறேன், அதற்கு அப்போதுதான் வேலை.

சண்முகம்: லவ்டேல் தாண்டும்போது பஸ்ஸில் நீ என்னைக் கடந்து போனால், ஜன்னல் வழியாக ஒரு கை அசைப்பாயா?

கலா: கையைக் காட்டினால் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிடுவார். நீங்கள் ஏறிவிடுவீர்கள்.

(சண்முகம் பதில் சொல்லவில்லை. தைத்து முடித்த மேல்சட்டையை மாட்டிப் பார்க்கிறார். அதன் அடியில் திருப்பிப் போட்ட பனியன். திடீரென்று குனிந்து நெஞ்சைப் பார்க்கிறார்.)

சண்முகம்: கலா, இந்தத் துணி வெளுப்பு. நனைந்தால் தலைவர் இந்தப் பக்கம் தெரிவாரோ?

(கலா ஒரு கை தண்ணீர் எடுத்து அவர் நெஞ்சில் தெளிக்கிறாள். முதலில் மூக்கு தெரிகிறது. அப்புறம் கும்பிட்ட கைகள். இரண்டு பேரும் உற்றுப் பார்க்கிறார்கள்.)

கலா: மழை பெய்தால் பிரச்சினை இல்லை. மேலே அம்மாவுடைய தாள் இருக்கிறது, மூடிவிடும்.

சண்முகம்: மழை விட்டு வெயில் அடித்தால்?

கலா: தாளைக் கழற்றுவீர்கள். வேர்வையில் தலைவர் வந்துவிடுவார்.

சண்முகம்: ஊட்டி மார்க்கெட் பக்கம் எங்கள் சூப்பிரண்டெண்ட் ஞாயிற்றுக்கிழமைதான் காய்கறி வாங்க வருவார்.

கலா: அவர் எந்தக் கட்சி?

சண்முகம்: அதுதான் யாருக்கும் தெரியாதே!