முதுகில் ஊசி போடுவதற்கு முந்தைய மாலை

பாம்பனில் நாற்பது ஆண்டுகளாக வல்லம் என்ற நாட்டுப்படகில் கடலுக்குப் போய்வரும் என் சித்தப்பாவுக்குச் சென்ற ஆண்டு குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. கச்சான் காற்றில் வல்லம் ஆடும்போதும் கலங்காத அவர், வார்டுக்குத் திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலு ரெண்டும் போச்சுப்பா" என்று அழுதார். முதுகில் மயக்க ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துக் கிடக்கும், பிறகு உணர்வு திரும்பிவிடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விழித்தபடியே இருப்போம், பேச்சும் கருவிகளின் ஓசையும் காதில் விழும், இழுப்பது தெரிந்தாலும் வலிக்காது என்பதையும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் முதல் நாளே வாங்கியிருந்தார்கள்.

அந்த அறுவையைச் செய்த கைகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் அவர்கள் படும் பாட்டையும் கண்ணால் பார்த்தேன். ஆனாலும், "பயப்படாதீங்க" என்று பலர் சொன்ன அந்த வார்டில், எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி நிற்காது, இனி வலை இழுக்க முடியாது என்று கரையில் யாரோ சொன்னதுதான் முந்தைய இரவு முழுவதும் அவரை உறங்கவிடவில்லை.

பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 1964-இல் வெளிவந்தது. மயக்க மருத்துவர் முன்னதாகவே வந்து, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், அதைத் தணிக்க எப்படித் தளர்ந்து படுக்க வேண்டும் என்று விளக்கியவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியளவு வலி மருந்தே போதுமானதாக இருந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே வீடும் திரும்பினார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் இது நம் வார்டுகளில் வழக்கமாகவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

முந்தைய மாலை பத்து நிமிடம், வீட்டார் ஒருவரும் உடனிருக்க, கட்டிலருகே அமர்ந்து நம் கரையோரத் தமிழிலேயே பேசினால் போதும். மருத்துவருக்கு நேரமில்லையென்றால், பயிற்சி பெற்ற செவிலியரே பேசலாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்வது, மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் என்று விளக்கினால், மறைவாக இட்லி ஊட்டிவிடும் அன்பும் அடங்கும். சிசேரியனுக்கு வரும் பெண்களுக்கும் பெரும்பாலும் இதே முதுகு ஊசிதான். அவர்களிடமும் இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில், "கனமான பொருட்களைத் தூக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறும்போது சித்தப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நனைஞ்ச வலையும் அதுல சேர்த்தியாப்பா?"