தண்ணீர் ஓடாவிட்டாலும் அது ஆறுதான்

சுற்றுலா வந்தவர்கள் எங்கள் தொட்டல்லா ஆற்றில் ஜீப் ஓட்டிய அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன், இனி யாரும் அனுப்ப வேண்டாம். மணலில் வண்டிகள் வட்டமடித்ததைவிட, வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதிய பதில்தான் என்னைச் சுட்டது: "காய்ஞ்சு கிடக்கிற இடம்தானே, என்ன கெட்டுப்போச்சு?"

காய்ந்து கிடந்தாலும் அது ஆறு. கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைகளில் பெய்கிற மழையை வாங்கிக் காவிரியில் சேர்க்கிற ஆறு. மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்குள் தண்ணீர் இருக்கிறது. கோடையில் யானை காலால் மணலைப் பறித்து, ஊறி வருவதைத் துதிக்கையால் உறிஞ்சும். அது நகர்ந்ததும் மானும் பன்றியும் அதே குழிக்கு வரும். என் பாட்டியும் அப்படி ஊத்து தோண்டித்தான் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவார். முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டு, தெளியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அங்கே செருப்புக்காலோடு போனால் எனக்கு அடி விழும். அந்த மணலில்தான் இவர்கள் டயரைச் சுழற்றுகிறார்கள்.

சுற்றுலா வந்தால் ஊருக்கு வருமானம்தானே என்பீர்கள். சரி, ஒகேனக்கல் பரிசல்காரர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலைக் கரையேற்றிவிட்டு வருமானமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். ஆற்றுக்குக் கட்டுப்பட்ட பிழைப்பு அது. ஜீப்பில் வந்தவர்கள் எதற்குக் கட்டுப்பட்டார்கள்? உள்ளூர்க்காரர்கள் மாடு ஓட்டுவதில்லையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மாட்டுக்கும் ஜீப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று 686 சதுர கிலோமீட்டரை அறிவித்தார்கள். நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை எல்லாம் உள்ள காவிரிக்காடு இது. முதலையும் ஆமையும் முட்டையிடுவது கரை மணலில்தான். மணல் சும்மா கிடக்கவில்லை, ஐயா.

எங்கள் பக்கம் செய்தியில் வருவதே, காவிரி நீர்வரத்தை அளக்கிற பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்பதற்காகத்தான். மேட்டூர் நிரம்பியதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்தக் காட்டையும் ஓடைகளையும் நம்பி இங்கே மனிதர்கள் இருக்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. அதுதான் வலிக்கிறது.

விறகுக்கட்டோடு வருகிற கிழவியை வனத்துறையினர் மறித்து அரை மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவு கண்காணிப்பு இருக்கிற காட்டுக்குள் இத்தனை வண்டிகளை விட்டது யார்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.