ஒரே ஒரு பண்டம் விற்கும் கடையைத் தேடுங்கள்

வியட்நாம் போய்வந்த நண்பர்களின் பதிவுகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து நம் ஆட்கள் நிறையப் பேர் போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் எழுதுவதைப் படித்தால் மனசு சங்கடப்படுகிறது. மதியம் இந்திய உணவகத்தில் பனீர் பட்டர் மசாலா, ராத்திரி வேறொரு இந்திய உணவகத்தில் அதே பனீர், அதே நான். "வியட்நாம் சாப்பாடு நமக்கு ஒத்துவராது" என்று கடைசியில் ஒரு வரி. சாப்பிட்டுப் பார்க்காமலே எழுதிய வரி அது.

சுற்றுலா நிறுவனங்கள் மேல் எனக்கு இதில் வருத்தம் உண்டு. குழுவாக அழைத்துப் போகிறவர்கள் எல்லா வேளைக்கும் இந்திய பஃபேயை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்கும் பத்தியம் பார்ப்பவர்களுக்கும் அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வயதுப் பிள்ளையையும் அதே மேசையில் உட்கார வைத்து, பக்கத்துத் தெருவில் கொதிக்கும் ஃபோவின் (இறைச்சிச் சாற்றில் வரும் அரிசி நூடுல்ஸ்) வாசனையைக்கூடக் காட்டாமல் பேருந்தில் ஏற்றிவிடுவது அநியாயம்.

தனியாகப் போகிறவர்கள் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹனோயின் பழைய நகரப் பகுதி, சைகோனின் (ஹோ சி மின் நகரின் பழைய பெயர்) புய் வியன் தெரு, ஹோய் ஆன் ஆற்றங்கரை, எங்கே போனாலும் "வியட்நாமிய மற்றும் பன்னாட்டு உணவு" என்று பலகை இருக்கும். மெனு அட்டை புத்தகம் மாதிரி கனக்கும். பீட்சா, பாஸ்தா, பர்கர், தாய்லாந்து நூடுல்ஸ், நடுவில் ஒரு பக்கம் ஃபோ. எல்லாவற்றுக்கும் படம். பயணிக்கு அது பாதுகாப்பான இடமாகத் தெரிகிறது. என் கருத்து நேர் எதிரானது. நூறு பண்டம் போடும் சமையலறையில் நூறுக்கும் வேண்டிய பொருளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு யாருமே கேட்காத பண்டத்தின் இறைச்சி எத்தனை நாள் அங்கே கிடந்தது என்று நமக்குத் தெரியாது. ருசியும் அப்படித்தான். வெளிநாட்டுக்காரருக்கு மீன் வாடை பிடிக்காது, காரம் ஆகாது என்று அவர்களாகவே ஊகித்து எல்லாவற்றையும் மழுக்கிவிடுகிறார்கள்.

வியட்நாமியர்கள் சாப்பிடும் நல்ல கடைகளில் பெரும்பாலும் ஒரு பண்டம், மிஞ்சினால் அதிலேயே இரண்டு மூன்று வகை, அவ்வளவுதான். ஃபோ கடையில் எலும்போடு அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதித்த சாறு இருக்கும். கிண்ணத்தில் அரிசி நூடுல்ஸ், மேலே இறைச்சி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றித் தருவார்கள். காலையில் போட்டது தீர்ந்ததும் பல கடைகள் மூடிவிடும். அன்றைய பொருள் அன்றே போய்விடுகிறது, சாப்பிடும் சாறும் கொதிநிலையில் இருக்கிறது. வயிற்றுக்குப் பயப்படுகிறவர் போக வேண்டியது இங்கேதான். பச்சைத் தழைகள் மேல் சந்தேகம் இருந்தால் அவற்றைச் சூடான சாற்றில் அமுக்கிவிட்டுச் சாப்பிடலாம், இல்லை ஒதுக்கிவிடலாம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2016 மே மாதம் ஒபாமா ஹனோய் வந்தபோது, சமையல்காரரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன் அவரை ஹுவோங் லியென் என்ற சாதாரண புன் சா கடைக்குத்தான் கூட்டிப்போனார். கரியில் வாட்டிய பன்றியிறைச்சி, அரிசி நூடுல்ஸ், தழைகள், தொட்டுக்கொள்ள இனிப்பும் புளிப்புமாக மீன்சாறு. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், இருவருக்கும் சேர்த்து ஆறு டாலர்தான் ஆனது. 2023-ல், நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக ஹனோயையும் ஹோ சி மின் நகரையும் எடுத்துக்கொண்டபோது நட்சத்திரம் வாங்கியவை நான்கே உணவகங்கள். குறைந்த விலையில் நல்ல சாப்பாடு என்ற இன்னொரு பட்டியலில்தான் ஃபோ கடைகளும் தெருவோரக் கடைகளும் வரிசையாக இடம்பிடித்தன.

ஊருக்கு ஊர் பண்டம் மாறும் என்பதையும் மனசில் வையுங்கள். ஹனோயில் ஃபோ சாறு தெளிவாக, அடக்கமாக இருக்கும். 1954-ல் நாடு பிரிந்து வடக்கத்தியர்கள் தெற்கே குடியேறியபோது அதுவும் கூடவே போய் சைகோனில் பரவியது, அங்கே முளைப்பயறும் தழைகளும் தட்டு நிறையச் சேர்ந்துகொண்டன. நடு வியட்நாமின் ஹுவே நகரில் எலுமிச்சைப்புல் மணக்கும் காரமான மாட்டிறைச்சி நூடுல்ஸ், புன் போ. அதைச் சாப்பிட்டவர் யாரும் வியட்நாமில் காரமே இல்லை என்று சொல்ல மாட்டார். ஹோய் ஆனில் தடித்த நூடுல்ஸும் பன்றியிறைச்சியுமான காவ் லாவ், சைகோனில் நொய்யரிசிச் சோற்றோடு வரும் கோம் தாம். ஹோய் ஆனில் உட்கார்ந்து ஃபோ கேட்காதீர்கள், காவ் லாவ் கேளுங்கள்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்களுக்குச் சில சொற்கள் போதும். 'கா' என்றால் கோழி, 'போ' மாடு, 'தோம்' இறால். பன்றிக்குத் தெற்கில் 'ஹேயோ', வடக்கில் 'லோன்'. கோழி ஃபோ கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் கிடைக்கும்.

சைவக்காரர்கள் பட்டினி என்பதும் உண்மையில்லை. பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்துகளைத் தேடுங்கள். நம் 'சாய்' போலத்தான் உச்சரிப்பு, ஆனால் பொருள் சைவ உணவு. சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ஆம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் மட்டுமே சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் இந்தக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. டோஃபு, காளான், காய்கறி என்று அவர்கள் செய்யும் விதவிதமான கறிகளைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிடுவார்கள், நுவோக் மாம் என்ற மீன்சாறு உள்ளேயேதான் இருக்கும். சைவக்கடைக்கே போய்விடுவது உத்தமம்.

பன்னாட்டு உணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வியட்நாம் சமையலே பல நாட்டு வரவுகளால் ஆனது. ரொட்டியும் காபியும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. அந்த ரொட்டிக்குள் ஊறுகாய் போட்ட முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, மிளகாய் வைத்து பான் மி ஆக்கிக்கொண்டார்கள். பால் கிடைக்காத 1946-ல் முட்டைக்கருவை அடித்து ஹனோயின் ஜாங் கடைக்காரர் போட்ட காபிக்கு இன்றும் கூட்டம் நிற்கிறது. நம் பங்கும் இதில் உண்டு. சைகோனில் நகரத்தார் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. தெற்கில் மசாலாப்பொடியும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டுச் செய்யும் கோழிக் குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அங்கே போய்த் தேட வேண்டிய 'இந்திய' சாப்பாடு என்றால் எனக்கு அதுதான். வெளியிலிருந்து வந்ததை அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்ட உணவு அது. அதற்கும், பயணிக்காக மழுக்கி வைத்த பாஸ்தாவுக்கும் நிறைய தூரம்.

அதனால் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தெந்த வேளைச் சாப்பாடு திட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். காலை வேளைகளில் இரண்டையாவது விட்டுவிடச் சொல்லுங்கள், அதற்கான பணத்தையும் கழிக்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு விடுதியைவிட்டு இறங்கி நடங்கள். பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கடையாகப் பாருங்கள். மெனு இருக்காது. பக்கத்தில் இருப்பவரின் கிண்ணத்தைக் காட்டி ஒரு விரலை நீட்டுங்கள். வந்ததும் மிளகாய் விழுதைக் கொட்டிவிடாமல் முதல் ஒரு கரண்டிச் சாற்றை அப்படியே குடித்துப் பாருங்கள்.