துப்பு சொல்லுங்கள், கை வைக்காதீர்கள்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் நகரில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், எனக்கே ஐந்து பேர் அனுப்பியிருந்தார்கள். நேற்றுக் காலை நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "காவல்துறைக்கு உறுதுணையாக நின்ற நம் இளைஞர்களுக்குப் பாராட்டுகள்" என்று ஒரு செய்தி போட்டார்கள் பாருங்கள், அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உறுதுணையா? திருடன் என்று சந்தேகப்பட்டு ஒரு பையனை நைலான் கயிற்றால் மின்கம்பத்தில் கட்டி, ஆளுக்கு ஒரு அடி அடித்து, செல்போன் வெளிச்சத்தை அவன் முகத்தில் பாய்ச்சிப் படம் பிடித்ததற்குப் பெயர் உறுதுணையா?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். போலீஸுக்குத் துணையாக இருப்பது என்றால் பார்த்ததைச் சொல்வது. சந்தேகம் வந்தால் 100க்கோ 112க்கோ அடித்து, இந்த இடம், இந்த அடையாளம் என்று தகவல் கொடுப்பது. கை வைப்பது அதில் சேராது. பத்துத் தடவை வேண்டுமானாலும் சொல்வேன், கை வைப்பது அதில் சேராது.

நான் கீழே இறங்கிப் போனபோது மணி பத்தேகால் இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்த அவன் கைதான் முதலில் கண்ணில் பட்டது. நகக்கண் முழுக்க வெள்ளைச் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. விரல் நுனி எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும், எங்கள் வீட்டுக் குளியலறை வேலை நடந்தபோது பார்த்திருக்கிறேன். அந்தக் கையை யாராவது ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். மூன்றாவது தெருவில் நாலு மாதமாக நடக்கிற கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவன். ஊருக்குப் போன் பேச சிக்னல் கிடைக்கிற இடம் தேடி மூலையில் போய் நின்றிருக்கிறான். கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

முப்பது பேர் நின்றார்கள். முப்பது பேர் கையிலும் செல்போன் இருந்தது. ஒருவர்கூட 100க்கு அடிக்கவில்லை. போன் போட்டது நான். ரோந்து வண்டி இருபது நிமிஷத்தில் வந்தது. வந்த எஸ்.ஐ. வாயைத் திறந்து முதலில் சொன்னது, "மொதல்ல கயித்த அவுங்க." மேஸ்திரியை வரவழைத்துக் கேட்டார், ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெளிந்துவிட்டது. அந்த ஒரு போனை முதலிலேயே போட்டிருந்தால் அவன் உதடு கிழிந்திருக்காது.

இதைக் குழுவில் கேட்டேன். "உங்க வீட்ல திருடு போயிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க மேடம்" என்று பதில் வந்தது.

போயிருக்கிறது. 2016 மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பைக்கில் இரண்டு பேர் வழி கேட்கிற மாதிரி வந்து என் தாலிச் சங்கிலியை இழுத்தார்கள். அது உடனே அறுபடவில்லை. ஐந்தாறு அடி தூரம் என்னையும் சேர்த்து இழுத்தார்கள். கழுத்தின் வலது பக்கம் தழும்பு இன்னமும் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து பாருங்கள். ஒரு வருஷம் நான் இருட்டில் வாசல் தெளிக்கவில்லை. பின்னால் பைக் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. பயம் என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஸ்டேஷனில் எனக்குச் சுலபமாக எதுவும் நடக்கவில்லை. மனுவை வாங்கி, வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்கிற ரசீதைக் கொடுத்துவிட்டு, எஃப்.ஐ.ஆர். போட பதினோரு நாள் இழுத்தடித்தார்கள். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013லேயே சொல்லிவிட்டது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதும், போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. நலச்சங்கம் செய்ய வேண்டிய உதவி இதுதான். புகார் கொடுக்கப் போகிறவரோடு இரண்டு பேர் துணைக்குப் போங்கள். எங்கள் நகரில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரோடும் யாரும் போனது கிடையாது.

அந்த வழக்கில் ஒரு வயதான ஏட்டு வந்து விசாரித்தார். பைக் எந்தப் பக்கம் திரும்பியது, பின்னால் இருந்தவன் செருப்பா ஷூவா, சைலன்சர் சத்தம் எப்படி என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பிற்பாடு ஒருவனைப் பிடித்துவந்து அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். கூட வந்த உறவுக்காரர்கள் "இவன்தான்னு சொல்லிடு" என்று காதில் ஓதினார்கள். அன்றைக்கு அவர்கள் தலையில் ஹெல்மெட். முகத்தைப் பார்க்காத நான் எப்படிச் சொல்வேன்? தெரியவில்லை என்றேன். சங்கிலி திரும்பி வரவில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி ஒருவனை உள்ளே தள்ளவில்லை, அந்த நிம்மதி எனக்கு இருக்கிறது.

சரி, "போலீஸ் வர லேட் ஆகுது, அதுவரை சும்மா நிக்கணுமா?" என்கிறீர்கள். லேட்டாகத்தான் வருகிறார்கள், சில நாள் வருவதே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நாம் என்ன செய்தோம்? எங்கள் முக்கில் தொங்குகிற பட்டா புத்தகத்தில் ரோந்துக் காவலர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது எப்போது என்று யாராவது புரட்டிப் பார்த்தோமா? இன்ஸ்பெக்டரை மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள், எரியாத விளக்குகளின் கம்ப எண்ணை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கத்துகிறேன். போனது ஒரே ஒரு தடவை, அதுவும் பொங்கலுக்குச் சால்வை போட்டுப் போட்டோ எடுக்க. வெளியூர் போனால் பூட்டிய வீட்டு விவரத்தை ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம். நம் ஆட்களோ திருப்பதி மலையில் நின்று குடும்பத்தோடு ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

கேமரா கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு இரண்டாயிரம் வசூலித்துப் பன்னிரண்டு கேமரா வைத்தார்கள். போன வைகாசியில் இரண்டாவது தெருவில் பைக் காணாமல் போனபோது போலீஸ் வந்து பதிவைக் கேட்டது. ஏழு கேமரா வேலை செய்யவில்லை. வேலை செய்த ஐந்திலும் கடிகாரம் நாற்பது நிமிஷம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. வந்த காவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு முறை நேரத்தைச் சரிபார்க்க ஆள் இல்லாத ஊரில், கயிறு எடுத்துக்கொண்டு ஓட மட்டும் முப்பது பேர் இருக்கிறார்கள்.

"பப்ளிக்கே பிடிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 40ஆவது பிரிவு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவன் உங்கள் கண் முன்னால் செய்தால் பிடிக்கலாம், தாமதிக்காமல், மிஞ்சிப் போனால் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸில் ஒப்படைக்க வேண்டும். கண் முன்னால் குற்றம் நடந்திருக்க வேண்டும் தம்பி. போன் பேசுவது எந்தச் சட்டத்தில் குற்றம்? பிடிக்கலாம் என்றவர்கள் அடிக்கலாம் என்று எங்கே எழுதினார்கள்?

இன்னொரு நண்பர் நேர் எதிராகக் கேட்டார். "போலீஸை இவ்வளவு நம்புறீங்களே, சாத்தான்குளம் மறந்துபோச்சா?" இந்தக் கேள்வியை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். மறக்கவில்லை. பொதுமக்களையும் போலீஸையும் சேர்க்கிற முயற்சி நம் மாநிலத்திலும் நடந்தது. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். நல்ல எண்ணத்தில் தொடங்கியது, பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு வந்தது, அடுத்த மாதமே தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது. அதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். போலீஸுக்கு நண்பனாக இருக்கலாம், அடியாளாக இருக்கக் கூடாது. அவர்கள் தப்புச் செய்தால் கேட்கிற இடத்திலும் நாம்தான் நிற்க வேண்டும். அடிக்கிற கும்பலில் ஒரு ஆளாக நின்றவனுக்கு நாளைக்குப் போலீஸைக் கேள்வி கேட்க என்ன வாய் இருக்கும்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். என் தாத்தாவின் அப்பா பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். திருடியதற்காக இல்லை, பிறந்ததற்காக. கைரேகைச் சட்டம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். பக்கத்து ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஒருவனைத் திருடன் என்று முடிவு கட்டுவது என்ன செய்யும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தாத்தா சொல்வார். அந்தச் சட்டத்துக்கு முன்னால் ஊர்க்காவல் என்று ஒன்று இருந்தது. ஊரார் காவல்காரருக்குக் கூலி கொடுப்பார்கள். காவலில் இருக்கும்போது பொருள் போனால் அவரே மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவு போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று துப்புக் கொண்டுவந்தவருக்குத் துப்புக்கூலி என்று தனியாக உண்டு. அந்த முறையிலும் தப்புகள் இருந்தன, ஆனால் காவல் என்று சொல்லிக்கொண்டவனுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. சனிக்கிழமை அடித்தவர்கள் அந்தப் பையனுக்கு என்ன ஈடு கட்டினார்கள்? மன்னிப்பாவது கேட்டார்களா?

"வடக்கனுக்கு ஏன் இவ்வளவு உருகுறீங்க" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் கிடையாது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பியபோது நமக்கெல்லாம் எப்படிக் கொதித்தது! நாமா அப்படி என்று கேட்டோமே! 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிட வந்த வயதான பெண்மணி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். அவர் வடக்கு இல்லையே, சென்னையிலிருந்து வந்தவர்தானே. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிய கூட்டம்தான் அங்கேயும் நின்றது. அவர்களும் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன், என்னை நீக்கிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் இந்த நகரில் இருக்கிறேன். கொரோனா நேரத்தில் யார் வீட்டுக்கு யார் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள் என்று நீக்கியவருக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் மூன்றாவது தெருவுக்குப் போனேன். ஹாலில் பாதி வரைக்கும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறது, கலவைச் சட்டி அப்படியே காய்ந்து கிடக்கிறது. பையன் ஞாயிற்றுக்கிழமையே ரயில் ஏறிவிட்டானாம், ஒரு வாரக் கூலியைக்கூட வாங்கவில்லை என்றார் மேஸ்திரி. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த வீடியோவ அழிக்கச் சொல்லுங்கக்கா. அவன் ஊர்ல அவங்கம்மா போனுக்கே போயிருச்சாம்."

நான் இப்போது குழுவில் இல்லை. இருக்கிறவர்கள் யாராவது இன்றைக்கு அதை நீக்கச் சொல்லுங்கள்.